பிரம்பு போனதும் டீச்சர் வந்ததும்

கேள்வி: "என் மகள் தருமபுரி நகரத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாகச் சேரப்போகிறாள். ஒன்பதாம் வகுப்பு, 45 பேர், பாதிக்கு மேல் பையன்கள். 'டீச்சருங்க நிறைய வந்தப்புறம்தான் பள்ளிக்கூடத்துல பயமே போச்சு' என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா? பிரம்பு இல்லாமல் அவள் எப்படிச் சமாளிப்பாள்?"

உண்மையில்லை. தொடக்கப் பள்ளிகளில் பெண் ஆசிரியர்கள் பெருகியதும் பிரம்பு மறைந்ததும் ஏறக்குறைய ஒரே தலைமுறைக்குள் நடந்தன. அடுத்தடுத்து நடந்ததால் ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்று ஊர் முடிச்சுப் போட்டுவிட்டது. பிரம்பை வாங்கிக்கொண்டது சட்டம். வகுப்பு கட்டுக்குள் இருப்பதும் இல்லாததும் அறையில் எத்தனை பேர், வேலை எப்படிப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது, தலைமை ஆசிரியர் யார் பக்கம் நிற்கிறார் என்பவற்றைப் பொறுத்தது. வகுப்பில் நிற்பவர் ஆணா பெண்ணா என்பது அந்த வரிசையில் மிகவும் பின்னால்தான் வரும்.

முதலில் அந்தப் "பயம்" எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பாராமஹால் என்று அழைக்கப்பட்ட நம் பகுதியில் 1792 முதல் 1799 வரை வருவாய் அதிகாரியாக வேலை பார்த்த தாமஸ் மன்றோ, பிறகு சென்னை மாகாண ஆளுநராகி 1822-ல் எல்லா ஜில்லாக்களிலும் பள்ளிக்கூடக் கணக்கு கேட்டார். வந்த மொத்தக் கணக்கு 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. அந்த விசாரணைக்குப் பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823-ல் எழுதிய பதிலில் அன்றைய பள்ளியின் காலை நேரம் அப்படியே இருக்கிறது. முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் மரியாதைக்கு அடையாளமாகச் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவனுக்குச் சுழி. பாராட்டும் இல்லை, ஏச்சும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஒரு அடி, நாலாமவனுக்கு இரண்டு. அதன் பின் ஆளுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். முப்பதாவதாக வரும் பிள்ளையின் கையை நினைத்துப் பாருங்கள். பெரிய குற்றத்துக்கு இரண்டு கையையும் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவது உண்டு. நம் பக்கத்துப் பெரியவர்கள் கோதண்டம் என்று சொல்வது அதைத்தான்.

அன்றைய திண்ணைப் பள்ளியில் இருந்தவர் ஒரே ஓர் ஆசிரியர். பிள்ளைகள் வெவ்வேறு வயது, வெவ்வேறு பாடம். ஆகவே மூத்த மாணவன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக வைத்து அவன் கையில் பாதி அதிகாரத்தைக் கொடுத்தார்கள். சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை 1789 முதல் 1796 வரை நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதை நாட்டுப் பள்ளி ஒன்றில் பார்த்து எடுத்துக்கொண்டார். பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797-ல் லண்டனில் அச்சிட்டார். அங்கே அதற்கு "மெட்ராஸ் முறை" என்றே பெயர். அதே வழியில் ஜோசப் லங்காஸ்டர் லண்டனில் ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பையன்களுக்குப் பள்ளி நடத்தினார். பிரம்படி வேண்டாம் என்றவர்தான் அவரும். ஆனால் சேட்டை செய்தவனைக் கூடையில் வைத்துக் கூரையில் தொங்கவிட்டுக் காட்சிப்படுத்தினார். இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருவர் கையில் நூறு பேரைக் கொடுத்தால் எந்த ஊராக இருந்தாலும், நிற்பவர் யாராக இருந்தாலும், உத்தரத்துக்கோ பிரம்புக்கோதான் போய்ச் சேர்வார். அந்தப் பயம் ஆசிரியரின் ஆளுமையால் வந்ததல்ல, ஆள் பற்றாக்குறையால் வந்தது.

பெண்கள் நகரப் பள்ளிகளுக்குள் வந்தது இந்த நெரிசலுக்கு நடுவேதான். இங்கிலாந்தில் 1846-ல், படித்துக்கொண்டே பாடம் சொல்லிக்கொடுக்கப் பழகும் மாணவ ஆசிரியர் திட்டம் வந்தபோது 13 வயதுப் பெண் பிள்ளைகளும் ஐந்தாண்டு பயிற்சிக்கு எடுக்கப்பட்டார்கள். 1870 கல்விச் சட்டத்துக்குப் பிறகு நகரங்களில் பள்ளிகள் மளமளவென்று எழும்பின, அவற்றை நிரப்பியவர்களில் பெண்களே அதிகம். அமெரிக்காவின் பாஸ்டனில் ஹொரேஸ் மன் என்ற கல்வி அதிகாரி, அடியைக் குறைத்து அன்பால் நடத்த வேண்டும், அதற்குப் பெண்கள் ஏற்றவர்கள் என்று வாதாடினார். அடியை விட முடியாது என்று 1844-ல் அவரை எதிர்த்து அச்சிலேயே சண்டை போட்டவர்கள் அந்நகரின் 31 ஆண் தலைமை ஆசிரியர்கள். "பெரிய பையன்களைப் பெண்ணால் அடக்க முடியாது" என்ற பேச்சு அந்தக் காலத்திலிருந்தே ஓடிவருகிறது. அந்தப் பேச்சால் பெண்களுக்குக் கிடைத்தது சின்ன வகுப்பும் குறைந்த சம்பளமும் மேலே ஓர் ஆண் தலைமையும். இத்தனைக்கும் நியூஜெர்சி மாநிலம் 1867-லேயே பள்ளியில் அடிப்பதைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் பிரம்பு 1987 வரை இருந்தது. இரண்டு நாட்டிலும் பெண் ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒரு இடத்தில் பிரம்பு நூறு ஆண்டுக்கு மேல் கூடுதலாக நீடித்தது என்றால் அதற்குக் காரணம் பெண்கள் அல்ல என்பது தெளிவு.

சென்னைக்கு வருவோம். 1866-ல் இங்கு வந்த ஆங்கிலேயக் கல்வியாளர் மேரி கார்ப்பென்டர், பெண் பள்ளிகளில்கூட ஆண்களே பாடம் நடத்துவதைக் கண்டு, பெண்களுக்கென ஆசிரியப் பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று அரசை நெருக்கினார். 1882-ல் கல்வி நிலையை ஆராய அரசு அமைத்த ஹண்டர் குழுவும் அதையே சொன்னது. ஆனால் யார் வருவார்கள்? வீட்டை விட்டு வெளியே வரக்கூடிய நிலையில் இருந்தவர்கள் கிறித்தவப் பெண்கள், ஆசிரியர்களின் மனைவிமார், கைம்பெண்கள். சிறு வயதிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1911-ல் பட்டம் பெற்று, 1912-ல் இளம் கைம்பெண்களுக்கு விடுதி தொடங்கி அவர்களை ஆசிரியைகளாக்கினார். 1922-ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் பொறுப்பும் அவரிடமே வந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தொடக்கப் பள்ளிகளுக்குப் பெண்களையே ஆசிரியர்களாகப் போட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அரசு வேலையில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது அதற்கு 60 ஆண்டு கழித்து, 1989-ல்.

நம் மாவட்டத்துக்கு இது இன்னும் தாமதமாக வந்தது. சேலத்திலிருந்து 1965-ல் தருமபுரி பிரிந்தது, தருமபுரியிலிருந்து 2004-ல் கிருஷ்ணகிரி. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசி மாவட்டம் தருமபுரிதான். 1994-ல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் முதலில் எடுத்த மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. பெண்களின் எழுத்தறிவு தேசியச் சராசரிக்குக் கீழே இருந்த மாவட்டங்களைத்தான் அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு வீட்டில் முதல் தலைமுறையாகப் பெண் பிள்ளை பள்ளிக்கு வரும்போது, அங்கே ஒரு டீச்சர் இருக்கிறாரா என்பது அந்தத் தாய்க்கு முக்கியம். அவ்வை தகடூரில் அதியமானின் அவையில் பேசினார் என்று பெருமைப்படுகிற ஊர் இது. எழுத்துக் கற்ற தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக முதலில் சொன்ன "அறம் செய விரும்பு" பிற்காலத்து இன்னொரு அவ்வை எழுதியது. பெண் சொல்லிக்கொடுப்பது நமக்கு அந்நியம் என்று யாரும் சொல்ல முடியாது.

சட்டத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆம் விதியை 2003-ல் திருத்தி, திருத்துகிறேன் என்ற பெயரில் உடலையோ மனதையோ நோகடிக்கக் கூடாது என்றார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு நாடு முழுவதற்கும் அதையே சொல்கிறது. "மனதை" என்ற சொல்லை உங்கள் மகள் கவனிக்க வேண்டும். பட்டப்பெயர் வைப்பது, சாதியையோ அப்பா செய்யும் தொழிலையோ இழுத்துப் பேசுவது, "உன் அக்காவைப் பார், நீயும் இருக்கியே" என்பது எல்லாமே அதற்குள் வரும். முட்டி போட வைப்பதும் தோப்புக்கரணமும் வெயிலில் நிறுத்துவதும் அடி அல்ல என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவையும் உடலைத் தண்டிப்பதே. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: பிரம்பு இருந்த நாளில் டீச்சர்களும் அடித்தார்கள். ஸ்கேலைக் குறுக்காகத் திருப்பி விரல் கணுவில் அடிப்பது, தொடையில் கிள்ளுவது எல்லாம் பெண் ஆசிரியர்களும் செய்ததுதான். மென்மை பிறவிக்குணம் என்று சொல்லி அவர்களை வேலைக்கு எடுத்ததும், பிறகு அதே மென்மையைக் குறையாகச் சொல்வதும் இரண்டுமே அவர்களுக்குச் செய்த அநீதி.

பிரம்பு இல்லாத வகுப்பு எப்படி இருக்கும் என்பதைப் பெரிய அளவில் செய்து பார்த்ததும் ஒரு நகரம்தான். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்தது. டீச்சர் பாயில் உட்கார்ந்தார். பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை. சுயவருகைப் பதிவேடு, சுகாதாரச் சக்கரம், வேலைகளைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி அட்டவணையைப் பார்த்துத் தனக்குரிய அட்டையைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தவர்கள் "சந்தைக்கடை மாதிரி இருக்கு" என்றார்கள். அது வேலைச் சத்தம். கையில் அட்டை இருக்கிற பிள்ளை சேட்டை செய்வது குறைவு. சிக்கல் வந்தது வேறு இடத்தில்: அட்டைகள் கிழிந்து மாற்று வராதபோதும், டீச்சர் ஒரு குழுவோடு உட்கார்ந்திருக்க மற்ற நாலு குழு காத்திருந்தபோதும்தான். காத்திருக்கும் பிள்ளைதான் சேட்டை செய்யும். ஒன்பதாம் வகுப்புக்கும் இதுவே பொருந்தும்.

இனி உங்கள் மகளின் 45 பேர். 20-க்கு 20 அடி அறையில் ஆளுக்கு 10 சதுர அடி என்றால் 40 பேர்தான் கணக்கு. ஐந்து பேர் கூடுதல். ஆகவே முதல் வேலை பெஞ்சு. மூன்று வரிசை, நடுவில் இரண்டு அடி வழி, கடைசி பெஞ்சுக்கும் சுவருக்கும் இடையில் ஓர் ஆள் நடக்க இடம். எந்தப் பிள்ளையிடமும் ஏழெட்டு அடி எடுத்து வைத்தால் டீச்சர் போய்ச் சேர முடிய வேண்டும். கடைசி பெஞ்சு அடங்காமல் இருப்பதற்குப் பெரிய காரணம், டீச்சர் அங்கே போக வழியே இல்லாமல் இருப்பதுதான். திங்கள்தோறும் பெஞ்சை மாற்றிப் போடட்டும். முதல் வாரம் முணுமுணுப்பார்கள், மூன்றாம் வாரம் பழகிவிடும்.

மணி அடிக்கும்போது பலகையில் மூன்று நிமிட வேலை எழுதியிருக்க வேண்டும்: நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு கேள்வி போதும். அந்த மூன்று நிமிடத்தில் வருகைப் பதிவை முடித்துவிடலாம். வருகை எடுக்கும் நேரத்தில் வேலை இல்லாமல் விட்டால், அந்த வகுப்பை மறுபடி சேர்த்துக் கட்டப் பத்து நிமிடம் போய்விடும்.

அமைதிக்கு ஒரே அடையாளம் வேண்டும். கை தூக்குவதோ, மூன்று தட்டு தட்டுவதோ, எதுவானாலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். முதல் மூன்று நாளும் நாளுக்கு நாலைந்து தடவை அதைப் பழக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்: பாதி வகுப்பு பேசிக்கொண்டிருக்கும்போதே பாடத்தைத் தொடங்கிவிடுவார்கள். பேச்சுக்கு நடுவே பாடம் நடக்கும் என்று அன்றைக்கே பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். கை தூக்கியபடி பத்து விநாடி நிற்பது நீண்ட நேரம் போலத் தோன்றும். நிற்க வேண்டும்.

கத்தக் கூடாது என்பதற்கு உடல் சார்ந்த காரணமும் இருக்கிறது. ஆணின் குரல்நாண் பேசும்போது விநாடிக்குச் சுமார் 120 தடவை அதிரும், பெண்ணுக்குச் சுமார் 200 தடவை. அதே அளவு நேரம் கத்தினாலும் பெண்ணின் தொண்டைக்குத் தேய்மானம் அதிகம். நாளுக்கு ஐந்தாறு பீரியட், எதிரொலிக்கிற கான்கிரீட் அறை என்றால் சில மாதத்தில் குரல் கட்டிக்கொள்ளும். தண்ணீர் பாட்டில் மேசையில் இருக்கட்டும். சொல்ல வேண்டியதை அறையின் நடுவில் நின்று சொல்லட்டும். ஒரு பையனைக் கண்டிக்க வேண்டுமானால் பக்கத்தில் போய், பெயர் சொல்லி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி இரண்டே வாக்கியம்: என்ன செய்தான், இப்போது என்ன செய்ய வேண்டும். எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னால் பதினாலு வயதுப் பையன் தோழர்கள் முன்னால் தோற்க மாட்டான். பதில் பேசுவான். அதன் பிறகு பிரச்சினை அவன் செய்த தப்பு அல்ல, யார் பெரியவர் என்பதாக மாறிவிடும்.

கேள்வி கேட்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் கேள்வி, பிறகு மூன்று நான்கு விநாடி நிறுத்தம், கடைசியில்தான் பெயர். பெயரை முதலில் சொன்னால் மீதி 44 பேரும் அந்த நொடியே விடுதலை ஆகிவிடுவார்கள்.

"பேசுறவங்க பேரை போர்டுல எழுதி வை" என்று லீடரிடம் சாக்பீஸைக் கொடுத்துவிட்டு ஆபீஸுக்குப் போவது இன்றும் வழக்கம். அந்த லீடர் வேறு யாருமில்லை, திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைதான். அன்று சட்டாம்பிள்ளைக்குத் தின்பண்டம் கொடுத்துத் தப்பித்தார்கள், இன்று லீடரின் நண்பன் பெயர் பலகையில் வராது. லீடரை வாரம் ஒருவராக மாற்றட்டும். அவருக்குப் பொறுப்பு கொடுக்கலாம், போலீஸ் வேலை கொடுக்கக் கூடாது: நோட்டு சேர்ப்பது, பலகை துடைப்பது, வராதவனுக்குப் பாடக் குறிப்பு எடுத்து வைப்பது.

இதைவிடக் கெட்ட வழக்கம், பையனைப் பி.டி. சாரிடம் அனுப்புவது. அவர் மிரட்டுவார், பையன் அன்றைக்கு அடங்குவான். ஆனால் டீச்சரின் சொல்லுக்கு இன்னோர் ஆண் வந்து பலம் கொடுக்க வேண்டும் என்று வகுப்பு முழுவதும் தெரிந்துகொள்ளும். நூறாண்டுக்கு முன் பெண்களுக்கு மேலே ஓர் ஆணை நிறுத்தி வைத்த ஏற்பாடு, அப்படியே பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. தன் வகுப்புத் தப்பைத் தானே முடிக்கட்டும். தலைமை ஆசிரியரிடம் போவது அடிதடி, திருட்டு, போதைப் பொருள், பெண் பிள்ளைகளைச் சீண்டுவது ஆகியவற்றுக்கு மட்டும். கடைசியாகச் சொன்னதை அன்றே எழுத்தில் கொடுக்க வேண்டும்.

தண்டனைக்குப் பதில் விளைவு என்று ஒன்று உண்டு. அது சின்னதாக, அதே நாளில், செய்த தப்போடு ஒட்டியதாக இருக்க வேண்டும். பெஞ்சில் கிறுக்கினால் இடைவேளையில் அதைத் துடைப்பது. வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் மதியம் பத்து நிமிடம் உட்கார்ந்து முடிப்பது. சாப்பாட்டு நேரத்தை வெட்டக் கூடாது. நூறு தடவை எழுது என்பது எழுத்தின் மேலேயே வெறுப்பைத்தான் வளர்க்கும். ஒரு 40 பக்க நோட்டில் தேதி, நேரம், நடந்தது, செய்தது என்று நாலு கட்டம் போட்டு இரண்டு வரி எழுதி வைக்கட்டும். ஒரே பையன் மூன்றாவது முறை வந்தால் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். நாளை யாராவது புகார் சொன்னால் உங்கள் மகளைக் காப்பதும் அந்த நோட்டுதான்.

அடங்காமை என்று எழுதுவதற்கு முன்னால் வேறு ஏதாவதா என்று பார்க்கவும் வேண்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளை, வேகமாகச் சொன்ன தமிழ் புரியாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். விடிகாலையில் பூப் பறித்துவிட்டு வந்த பிள்ளை இரண்டாவது பீரியடில் தூங்கும். கண் தெரியாமல் பலகையை விட்டுவிட்டுப் பக்கத்தவன் நோட்டைப் பார்க்கும் பையனை "பேசிக்கிட்டே இருக்கான்" என்பார்கள். இரண்டு நாள் முதல் பெஞ்சில் உட்கார வைத்தாலே தெரிந்துவிடும்.

பெற்றோரை வரச்சொல்வதில் நம் பக்கம் ஒரு தனிச் சிக்கல். அப்பா அம்மா பெங்களூருவில் கட்டட வேலையில் இருப்பார்கள், வருவது பாட்டி. பாட்டியை நிற்க வைத்துப் பேரனின் குற்றப் பட்டியலை வாசித்தால் அவர் அழுவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, பையன் நன்றாகச் செய்கிற ஒன்றை முதலில் சொல்லி, பிறகு ஒரே ஒரு விஷயத்தைக் கேட்கட்டும்: ராத்திரி ஒன்பது மணிக்குப் போனை வாங்கி வைத்துவிடுங்கள், அவ்வளவுதான். அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசலாம்.

சில பெற்றோர் வந்ததும் வராததுமாக, "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க டீச்சர், நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்பார்கள். முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும் என்று கேட்டே வளர்ந்தவர்கள். நம்பிக்கையில்தான் சொல்கிறார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். பையனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவனுக்கும் கேட்கும்படி உங்கள் மகள் இப்படிச் சொல்லட்டும்: "அடிக்க மாட்டேங்க அண்ணா. தினமும் சாயங்காலம் இவன் நோட்டுல நான் கையெழுத்துப் போட்டு அனுப்புறேன். நீங்க அதைப் பார்த்துட்டுப் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க. நாலு வாரம் போடுங்க, போதும்." கையெழுத்துப் போட வராத அப்பாவாக இருந்தால் அவர் ஒரு கோடு கிழித்தாலும் சரி. பார்த்தார் என்று பையனுக்குத் தெரிந்தால் போதும்.